பிடித்தால் விடணும்... விட்டால் பிடிக்கணும்!



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது ரோபோ பற்றி எழுதலாமா, மின்சாரக் கார் பற்றி எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். பிறகு என் நகக்கண்ணில் இன்னும் போகாமல் இருக்கும் கறுப்பு எண்ணெயைப் பார்த்தேன். சரி, கைக்குத் தெரிந்ததையே எழுதுவோம் என்று முடிவு செய்துவிட்டேன். நம்மில் பாதிப் பேர் வீட்டில் ஒரு பழைய பைக் நிற்கிறது. அதன் கிளட்ச் ஒருநாள் மக்கர் செய்யும். அன்றைக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு உதவினால் போதும்.

நடந்தது என்ன?

என் அப்பா தினமும் விடியற்காலையில் திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாழை இலைக்கட்டு எடுத்து வந்து, ஸ்ரீரங்கத்தில் மெஸ்களுக்குப் போடுகிறவர். எங்கள் வீட்டு வண்டி 100 சி.சி. நான்கு ஸ்ட்ரோக், பதினாறு வயசு. போன ஐப்பசியில் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. வண்டி மூன்று மாதம் சந்தில் மழையிலும் பனியிலும் அப்படியே நின்றது. பொங்கல் முடிந்ததும், "இனிமே இலையை நீ எடுத்துட்டு வந்துட்டு காலேஜ் போடா" என்றார் அப்பா.

முதல் நாள் கிக்கர் அடித்தேன், ஸ்டார்ட் ஆனது. கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டேன். வண்டி ஒரு குதி குதித்து, வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டு ஆஃப் ஆகிவிட்டது. எப்படியோ ஆட்டி அசைத்துக் கிளப்பிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது மாம்பழச்சாலை சந்திப்பில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். கிளட்சை முழுசாகப் பிடித்திருக்கிறேன், வண்டியோ மெதுவாக முன்னால் நகர்கிறது. நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது. எதிரில் துளசி மாலைக் கூடையோடு ஒரு பாட்டி. பிரேக்கை மிதித்ததில் வண்டி ஆஃப் ஆகி, முன் சக்கரம் கூடைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பாட்டி என்னைத் திட்டவில்லை. "பாத்து வாப்பா" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "கிளட்ச் பிளேட் செட்டே மாத்தணும் தம்பி. ஆயிரத்து எண்ணூறு ஆகும்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கடை வாசலில் ஒன்பது வண்டி நின்றது, ஒவ்வொன்றையும் உட்கார்ந்து ஆராய அவருக்கு நேரம் ஏது? ஆனால் மூன்று மாதம் வருமானம் இல்லாத வீட்டில் அது பெரிய தொகை. அப்போதுதான் பெரியப்பா ஞாபகம் வந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "கிளட்ச் என்ன வேலை செய்யுதுன்னு மொதல்ல சொல்லு, பாப்போம்."

கிளட்ச் எதற்கு?

பொன்மலையில் நீலகிரி மலை ரயிலுக்காகப் புதிய நீராவி எஞ்சின்களே கட்டியிருக்கிறார்கள். அந்த எஞ்சினுக்குக் கிளட்ச் கிடையாது. சக்கரம் நின்றுகொண்டிருக்கும்போதே நீராவி பிஸ்டனை முழு பலத்தோடு தள்ளும். மின் மோட்டாரும் அப்படித்தான், நின்ற நிலையிலேயே இழுக்கும். பெட்ரோல் எஞ்சினால் அது முடியாது. அது முதலில் சுழல வேண்டும், பிறகுதான் அதற்குப் பலம். சுழலும் எஞ்சினை, நிற்கும் சக்கரத்தோடு மெதுவாகச் சேர்த்துவைக்கவும், வேண்டாதபோது பிரித்துவைக்கவும் ஒரு ஆள் தேவை. அந்த ஆள்தான் கிளட்ச்.

நம் பைக்குகளில் இருப்பது பெரும்பாலும் எண்ணெயில் நனைந்த பல தட்டுக் கிளட்ச். உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டு ஒன்று, வெறும் இரும்புத் தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். உராய்வுத் தட்டுகள் எஞ்சினோடு சுழலும் ஹவுசிங்கில் மாட்டியிருக்கும். இரும்புத் தட்டுகள் கியர்பாக்ஸோடு சேர்ந்த ஹப்பில் மாட்டியிருக்கும். ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும். லீவரைப் பிடித்தால் அழுத்தம் விலகித் தட்டுகள் பிரியும், விட்டால் சேரும். அதாவது, நாம் பிடித்தால் அது விடணும். நாம் விட்டால் அது பிடிக்கணும்.

ஆகவே கிளட்சுக்கு நோய் ரெண்டே ரெண்டுதான். பிடித்தபோது விடாமல் இருந்தால் ஒட்டுதல். விட்டபோது பிடிக்காமல் இருந்தால் நழுவுதல். ஒட்டினால் வண்டி குதிக்கும், சிக்னலில் நகரும், நியூட்ரல் விழாது. நழுவினால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இந்த ரெண்டையும் குழப்பிக்கொண்டால் வைத்தியம் தலைகீழாகிவிடும். எங்கள் வண்டிக்கு வந்தது முதல் நோய்.

ரெண்டு தாள் கனம்!

பெரியப்பா ஒரு நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டார். புரிவதற்கான ரவுண்டு எண்கள்தான், உங்கள் வண்டியில் சற்று மாறும்.

லீவரின் நுனி மொத்தம் 75 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். லீவர் விகிதம் 5. அப்படியானால் கேபிள் 15 மி.மீ. இழுபடும். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருக்கணும் என்பது இந்த மாதிரிச் சிறிய வண்டிகளுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு. 15 மி.மீ. தளர்வு என்றால் கேபிளில் 3 மி.மீ. வீண். மீதி 12 மி.மீ.தான் வேலை செய்யும். எஞ்சின் பக்கத்து நெம்புகோல் அதை எட்டில் ஒன்றாகக் குறைத்தால், பிரஷர் பிளேட் நகர்வது 1.5 மி.மீ. நாலு உராய்வுத் தட்டுகளுக்கு எட்டு முகங்கள். எட்டால் வகுத்தால் ஒரு முகத்துக்குக் கிடைக்கும் இடைவெளி 0.19 மி.மீ. நம் நோட்டுப் புத்தகத்தில் ரெண்டு தாள் கனம், அவ்வளவுதான்!

இப்போது கேபிள் தளர்ந்து, லீவர் நுனியில் 35 மி.மீ. ஆடுகிறது என்று வையுங்கள். வேலை செய்யும் இழுவை 8 மி.மீ. ஆகிவிடும். தட்டு விலகல் 1 மி.மீ. முகத்துக்கு 0.125. மூன்றில் ஒரு பங்கு இடைவெளி காணாமல் போய்விட்டது. அந்தச் சின்ன இடைவெளியில் பழைய பிசின் பிடித்த எண்ணெய் நின்றால், தட்டுகள் ஈரக் கண்ணாடித் துண்டுகள் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

"பாத்தியா? உள்ள இருக்கிற தட்டு கெட்டுப்போகாமலே கிளட்ச் ஒட்டும். அதனால மொதல்ல வெளிய பாரு, அப்புறம் எண்ணெயப் பாரு, கடைசியாத்தான் மூடியத் திற" என்றார் பெரியப்பா. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் விளக்கம்.

கண்டுபிடிக்கும் வரிசை

ஒன்று: எஞ்சினை அணைத்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ரெண்டாம் கியரில் வையுங்கள். கிளட்சை முழுக்கப் பிடித்து, ஒருவரைப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். சற்றுக் கனமாகச் சுற்றினால் சகஜம். சுற்றவே மாட்டேன் என்றால் தட்டுகள் ஒட்டியிருக்கின்றன.

ரெண்டு: நீண்ட நாள் நின்ற வண்டி என்றால், நியூட்ரலில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு எண்ணெய் சூடானதும் அணையுங்கள். பிறகு ரெண்டாம் கியர் போட்டு, கிளட்சைப் பிடித்தபடியே வண்டியை முன்னும் பின்னும் பலமாக ஆட்டுங்கள். 'டக்' என்று விட்டுவிடும். கியரில் வைத்துத் தெருவில் ஸ்டார்ட் செய்து 'விடுவித்து'ப் பார்க்காதீர்கள். எங்கள் குடம் உருண்ட கதைதான் ஆகும். குடத்துக்குப் பதில் குழந்தை நின்றால்?

மூன்று: லீவர் தளர்வை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். கண் மதிப்பு வேண்டாம். எங்கள் வண்டியில் 34 மி.மீ. இருந்தது! முதலில் எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டரில் பெரிய மாற்றம், பிறகு ஹேண்டில்பார் அட்ஜஸ்டரில் சின்னத் திருத்தம், கடைசியில் லாக் நட்டை இறுக்குவது. இதுதான் வரிசை. தளர்வே இல்லாமல் முறுக்கிவிடக் கூடாது. அப்போது ஸ்பிரிங் முழுசாக அழுத்த முடியாமல் நழுவுதல் என்ற ரெண்டாம் நோய் வந்துவிடும்.

நான்கு: கேபிளின் ரெண்டு முனையையும் கழற்றி உள் கம்பியை இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வரவேண்டும். எங்களுடையது மணலில் இழுப்பது போல வந்தது, லீவர் முனையில் மூன்று இழை அறுந்திருந்தது. இழை அறுந்த கேபிளுக்கு எண்ணெய் வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். இழை நன்றாக இருந்து வறண்டு மட்டும் இருந்தால், மேல் முனையில் பாலிதீன் பையைப் புனல் மாதிரி கட்டி, மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டு, கீழ் முனையில் சொட்டும்வரை தொங்கவிடுங்கள்.

ஐந்து: ஆயிலின் வயசும் ஜாதியும் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சின் ஆயிலிலேயே கிளட்சும் குளிக்கிறது. 1996-இல் நிறுத்தப்பட்ட ஆர்.எக்ஸ். 100 போன்ற ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கிளட்சுக்குக் கியர் ஆயில். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் இடப்பக்கம் பிரைமரி செயின் கேஸில் தனி ஆயில். உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

நான் செய்த தப்பு

புதுக் கேபிள் போட்டு, தளர்வை 15 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். முக்கால்வாசி நோய் போய்விட்டது. வண்டி குதிக்கவில்லை. காலையில் மட்டும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சற்று ஒட்டியது. ஆயிலைப் பார்த்தால் தார் மாதிரி இருந்தது. மாற்ற வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது! எதிர்வீட்டில் கார் சர்வீஸில் மிச்சமான ஒரு லிட்டர் ஆயில் சும்மா கிடைத்தது. விலை உயர்ந்த புது ஆயில், கேன்மேல் எரிபொருள் சேமிக்கும் என்று போட்டிருந்தது. காருக்கே நல்லதென்றால் பைக்குக்கு அமிர்தம் அல்லவா என்று ஊற்றிவிட்டேன். ஒட்டுதல் சுத்தமாகப் போனது. சந்தோஷத்தில் பெரியப்பாவுக்குப் போன் கூடப் போட்டுச் சொன்னேன்.

நாலாம் நாள், திருவானைக்காவலில் ஒரு மெஸ்ஸுக்கு இலை கொடுத்துவிட்டு, மீதி ரெண்டு கட்டோடு ரயில்வே மேம்பாலம் ஏறினேன். எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது. பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கிறது. ஒட்டிய கிளட்ச் இப்போது நழுவுகிறது!

"ஆயில் டப்பாவில என்ன எழுதியிருந்துச்சு?" என்றுதான் பெரியப்பா கேட்டார். நான் படிக்கவே இல்லை.

அவர் சொன்னதைப் புத்தகக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தேன். நம் பாடத்தில் வரும் சூத்திரம்தான்: கிளட்ச் தாங்கும் முறுக்கு விசை = உராய்வுக் குணகம் × ஸ்பிரிங் விசை × உராயும் முகங்கள் × சராசரி ஆரம். ஸ்பிரிங் விசை 1000 நியூட்டன், எட்டு முகங்கள், ஆரம் 0.045 மீட்டர், எண்ணெயில் குணகம் 0.12 என்று வைத்தால் 43.2 நியூட்டன் மீட்டர் வருகிறது. எஞ்சின் தருவது 8 நியூட்டன் மீட்டர், பிரைமரி கியர் அதை நாலு மடங்காக்கினால் 32. கிளட்ச் தாங்கும். ஆனால் குணகம் 0.08-க்கு இறங்கினால் தாங்கும் அளவு 28.8. எஞ்சின் முழு பலத்தில் இழுக்கும்போது நழுவத்தானே செய்யும்!

கார் எஞ்சின் ஆயிலில் கிளட்ச் நனைவதில்லை. அதனால் எரிபொருள் சேமிக்க, வழுக்கலைக் கூட்டும் மருந்தைச் சில கார் ஆயில்களில் சேர்க்கிறார்கள். அது காருக்கு நன்மை, நம் கிளட்சுக்கு வினை. இதற்காகவே ஜப்பானில் 1998-இல் 'ஜாசோ' தரத்தை மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கென்று தனியாக வகுத்தார்கள். 'எம்.ஏ.' என்று இருந்தால் எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது. 'எம்.பி.' என்று இருந்தால் உராய்வு குறைந்தது, கிளட்ச் ஆயிலில் நனையாத கியர் இல்லாத ஸ்கூட்டர் வகைகளுக்கு. ரெண்டே எழுத்து. அதைப் படிக்காததால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பேக்கிங்கும் போயின. கார் ஆயில் ஊற்றிய எல்லா வண்டியும் உடனே நழுவும் என்று சொல்லமாட்டேன். என் வண்டி நழுவியது.

மூடியைத் திறந்தபோது

இனித் தட்டுகளைக் கழுவாமல் தீராது. பெரியப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார், கை வைக்கவில்லை. "நான் செஞ்சா எனக்குத்தான் தெரியும்" என்றார். செய்த முறை இதுதான்:

ஆயிலை முழுக்க வடித்து ஒரு கேனில் பிடித்தேன். கிக்கரைக் கழற்றுமுன் அதன் நிலையைச் சாக்பீஸால் குறித்தேன். மூடி போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அதனால் ஒரு அட்டையில் மூடியின் உருவம் வரைந்து, ஓட்டை போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் குத்திவைத்தேன். நீளமான போல்ட்டைக் குட்டை இடத்தில் முறுக்கினால் வார்ப்பே விரிந்துவிடும்.

ஸ்பிரிங் போல்ட்டுகள் நாலையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிரஷர் பிளேட் கோணிக்கொள்ளும். வெளியே வந்த தட்டுகளை வந்த வரிசையிலேயே, வந்த பக்கத்திலேயே அம்மாவின் பழைய தாம்பாளத்தில் அடுக்கினேன். (தாம்பாளத்துக்கு வாங்கிய திட்டு தனிக் கட்டுரை!)

பார்க்க வேண்டியவை நாலு. உராய்வுத் தட்டின் கனத்தை வெர்னியரில் நாலு இடத்தில் அளந்து, சர்வீஸ் கையேட்டில் உள்ள கடைசி அளவோடு ஒப்பிட வேண்டும். இரும்புத் தட்டு வளைந்திருக்கிறதா என்று சமதளத்தில் வைத்து ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். 0.20 மி.மீ. இலை எங்காவது உள்ளே நுழைந்தால் எங்கள் மாதிரி வண்டிக்கு அந்தத் தட்டு ஆகாது. நான் ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, நம் மெட்ராலஜி லேபின் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது, இரும்புத் தட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அது கருகியது என்று பொருள். நாலாவது, ஹவுசிங்கின் விரல்களில் தட்டுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். ஆழமான பள்ளம் இருந்தால் தட்டு அதில் மாட்டிக்கொண்டு நகராது. புதுத் தட்டு போட்டாலும் ஒட்டும்.

எங்கள் தட்டுகள் எல்லாம் அளவுக்குள்ளேயே இருந்தன! மாற்றச் சொன்ன அந்தச் செட்டில் ஒரு தட்டுக்கூடக் கெடவில்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, காயவைத்து, சரியான ஆயிலில் நன்றாக ஊறவைத்து அதே வரிசையில் பூட்டினேன். உலர்ந்த தட்டைப் பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும். ஸ்பிரிங் போல்ட்டை முறுக்கும்போது பலத்தைக் காட்டாதீர்கள். 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். புதுப் பேக்கிங் வைத்து மூடி, எம்.ஏ. தர ஆயில் ஊற்றித் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒட்டவும் இல்லை, நழுவவும் இல்லை. 300 கிலோமீட்டர் ஓடியபின் மிச்சமிருந்த பழைய கலப்பும் போக ஆயிலை இன்னொரு முறை மாற்றினேன்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவில் குடியிருக்கிறோம், நாம் ஊற்றுவது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. கேனோடு அந்த மெக்கானிக் கடையின் பழைய ஆயில் பீப்பாயில் சேர்த்தேன். அவர் விவரம் கேட்டார், சொன்னேன். "கேபிளா? சரிதான்" என்று சிரித்தார்.

கணக்கு

கேபிள் 140 ரூபாய், பேக்கிங் 70, ஆயில் ரெண்டு தடவை 740. மொத்தம் 950. மிச்சம் 850 ரூபாய் என்று பெருமைப்பட்டேன். பெரியப்பா விடவில்லை. "ஒழுங்கா டப்பாவைப் படிச்சு வாங்கியிருந்தா?" கேபிள் 140, ஆயில் 370, ஆக 510-இல் முடிந்திருக்கும். மூடியையே திறந்திருக்க வேண்டாம். ஓசி ஆயிலின் விலை 440 ரூபாய்!

நண்பர்களே, எல்லா வேலையையும் வீட்டிலேயே செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஹவுசிங்கில் ஆழமான பள்ளம், கருகிய வாசனை, தேய்ந்துபோன மரை என்று கண்டால் மெக்கானிக்கிடம் கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் போகும்போது, "கிளட்ச் சரியில்லைண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஒட்டுதுண்ணே, நழுவல. தளர்வு 15 மி.மீ. இருக்கு. கேபிள் புதுசு, ஆயில் புதுசு" என்று சொல்லுங்கள். அவருக்கும் நேரம் மிச்சம், நமக்கும் பணம் மிச்சம். டிப்ளமோ படிக்கிறவன் என்பதற்கு அதைவிட வேறு அடையாள அட்டை வேண்டுமா?

அப்பா இப்போது உடம்பு தேறி, மறுபடியும் அவரே இலைக்குப் போகிறார். முதல் நாள் போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தினார். பாராட்டுவார் என்று வாசலிலேயே நின்றேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நியூட்ரல் நல்லா விழுதுடா" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்